வாட்ச் காட்டும் வடக்கு 20 டிகிரி தள்ளியிருக்கிறதே?

கேள்வி: சென்னையில் திசைகாட்டி உள்ள டிஜிட்டல் வாட்ச் வாங்கினேன். அங்கே சரியாகத்தான் இருந்தது. வேலைக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து வந்தபிறகு, வரைபடத்தில் நேர் வடக்காகப் போகும் சாலையைப் பார்த்து நின்றால் 340 என்று காட்டுகிறது. ஊருக்கு வரும்போது கடையில் கொடுத்து மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வாட்ச் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

வரைபடத்தின் வடக்கு, வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்கு. வாட்சின் சென்சாருக்குத் தெரிவது பூமியின் காந்தப்புலம் காட்டும் வடக்கு மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம்தான் பள்ளி இயற்பியலில் படித்த காந்த ஒதுக்கம். வாட்ச் மெனுவில் ‘டெக்ளினேஷன்’ என்று இருக்கும். இது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் மேற்குப் பக்கமாக ஒன்றிரண்டு டிகிரிதான், கண்ணுக்கே தெரியாது. ஆக்லாந்தில் கிழக்குப் பக்கமாகச் சுமார் 20 டிகிரி. உங்கள் 340-உடன் 20-ஐக் கூட்டிப் பாருங்கள்: 360, நேர் வடக்கு.

மெனுவில் கிழக்கு 20 என்று பதிந்தால் போதும். தவறி மேற்கு என்று பதிந்துவிட்டால் பிழை 40 டிகிரியாகிவிடும், கவனம். மலைக்காட்டில் நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. 20 டிகிரி விலகி ஒரு கிலோமீட்டர் நடந்தாலே, சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

சரி, உண்மையிலேயே பழுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார், இரும்பு கேட், செல்போன் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் கையேட்டில் சொன்னபடி கேலிபரேஷன் (சென்சாரைச் சரிப்படுத்தும் வேலை) செய்துவிட்டு, நான்கு திசையிலும் திரும்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவு விலகினால் அது காந்த ஒதுக்கம். வடக்கில் 20, கிழக்கில் 5, தெற்கில் 30 என்று தாறுமாறாக இருந்தால் கேலிபரேஷன் சரியாகவில்லை; இடம் மாற்றித் திரும்பச் செய்யுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வாரண்டியைக் கேட்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் டெக்ளினேஷன் பதிய வசதி உண்டா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜிபிஎஸ் உள்ள சில வாட்சுகள் தாமாகவே திருத்திக்கொள்ளும். விலை குறைந்த பலவற்றில் அந்த மெனுவே இருக்காது. மனக்கணக்காகத்தான் கூட்டிக் கழிக்க வேண்டும்.

அப்புறம், சென்னைக்குத் திரும்பியதும் அந்த 20-ஐ எடுத்துவிடுங்கள்.