தொடை எரிகிறதா? நிற்கும் விதத்தைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. 57 வயதில், சுவிட்சர்லாந்தின் எங்கெல்பெர்க் சரிவுகளில் மதியத்துக்குள் தொடை எரிந்து கால் நடுங்குகிறது, இனி பனிச்சறுக்கில் தேற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

பலத்தைவிட, நிற்கும் விதத்தில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. சரிவுக்குப் பயந்து உடம்பு பின்னால் சாய்ந்தால் முன்தொடைதான் எடையைச் சுமக்கும், இளைஞருக்கும் எரியும். முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் விட்டால் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எளிதான நீலத் தடத்தில் மெதுவாகப் பழகுங்கள், அதைவிடக் கடினமான சிவப்புத் தடம் அப்புறம்.

வீட்டில் படிக்கட்டே போதும். ஒரு காலில் நின்று, மற்றக் காலைக் கீழ்ப்படிக்கு மூன்று நொடி எடுத்து இறக்குங்கள். சறுக்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதனால் ஏறுவதைவிட இப்படி இறங்குவதுதான் உதவும். சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். முழங்கால் வலித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முக்கியமாக, கடையில் பைண்டிங் (பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டு) அளவு வைக்கும்போது வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 50 வயதிலிருந்து அட்டவணையில் ஒரு படி இளக்கி வைப்பார்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து எளிதாகக் கழன்றுவிடும். கால் தளர்ந்த நாளில் கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள், தயங்க வேண்டாம்.