நிலம் இருக்கிறது, லைன் இருக்கிறதா?

வாசகர் கேள்வி–பதில்

(இந்த முறை பதில் சொல்பவர், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் சமூக சூரிய மின் திட்டங்களை உருவாக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்.)

கேள்வி: பேனலே போடாமல் கரண்ட் பில்லில் 20 சதவீதம் மிச்சம் என்று கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. ஏமாற்று வேலையா?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: குப்பையில் போடவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். 'சமூக சூரிய மின்சாரம்' என்ற இந்தத் திட்டம் உண்மைதான். நியூ ஜெர்சியில் 2019-ல் முன்னோட்டமாகத் தொடங்கி 2023-ல் நிரந்தரமாக்கினார்கள். ஏதோ ஒரு கிடங்கின் கூரையில் பேனல்கள் இருக்கும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் பொது லைனில் போய்விடும். உங்கள் பங்குக்கான தொகை உங்கள் பில்லில் வரவாக ஏறும். 100 டாலர் வரவு வந்தால் 80 டாலரைத் திட்டக்காரருக்குக் கொடுப்பீர்கள், 20 உங்களுக்கு. கவனியுங்கள், தள்ளுபடி அந்த வரவுத் தொகைக்குத்தான், மொத்த பில்லுக்கு அல்ல. விற்க வருபவர்கள் இதை மென்று முழுங்கிவிடுவார்கள். வீடு மாறினால் அபராதமின்றி விலகலாமா என்றும் பாருங்கள். மின்சாரம் வாங்கும் நிறுவனத்தையே மாற்றச் சொல்லிக் கதவைத் தட்டுகிறவர்கள் வேறு கூட்டம். அவர்களிடம் பில்லை எடுத்துக் காட்டாதீர்கள்.

கேள்வி: யுட்டிகா பக்கம் 40 ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறேன். மரமில்லாத வெட்டவெளி, நல்ல வெயில். குத்தகைக்கு எடுத்துக்கொள்வீர்களா?
— வாசகர், சிரக்யூஸ்

பதில்: வெயிலைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன். அடுத்தடுத்த இரண்டு நிலங்களுக்கு வெயில் ஒன்றுதான். சாலையோரக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். குறுக்குச் சட்டத்தில் மூன்று கம்பிகள் போகின்றனவா, அல்லது உச்சியில் ஒன்றே ஒன்றா? ஒன்றுதான் என்றால் அது சிங்கிள் ஃபேஸ். த்ரீ ஃபேஸ் லைனை மைல் கணக்கில் இழுத்துவரும் செலவிலேயே திட்டம் படுத்துவிடும். மூன்று இருந்தாலும் மின்னழுத்தம் முக்கியம். 13.2 கிலோவோல்ட் என்றால் உட்கார்ந்து பேசலாம். இந்தப் பக்கம் இன்னும் பழைய 4.8 கிலோவோல்ட் லைன்கள் ஓடுகின்றன. அதில் 5 மெகாவாட்டை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. நியூயார்க்கில் இந்தத் திட்டங்களுக்கு உச்சவரம்பு அந்த 5 மெகாவாட்தான், அதற்கு 25 முதல் 35 ஏக்கர் போதும். உங்கள் நாற்பதில் சதுப்பு நிலமும் எல்லையோர இடைவெளியும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் சப்ஸ்டேஷன். பெரிய லைனிலிருந்து ஊருக்கு மின்சாரம் இறங்கிவர வேண்டும் என்ற கணக்கில்தான் அதைக் கட்டினார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஊரில் மே மாத நண்பகலில் நாங்கள் கொடுப்பதை வாங்க ஆளிருக்காது, மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே மேலே ஏறும். அந்த நேரத்தில் பெரிய லைனில் ஒரு கம்பி தரையைத் தொட்டால், பல பழைய டிரான்ஸ்பார்மர்களின் இணைப்பு முறையில் கீழே இருக்கும் பாதுகாப்புக் கருவிக்கு அது தெரியாது. மற்ற இரண்டு கம்பிகளின் அழுத்தம் எகிறிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் கருவியை மேல்பக்கத்தில் வைக்க வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டியவர்கள் நாங்கள். முன்பெல்லாம் முதலில் வந்தவர் தலையில் முழுச் செலவும் விழும். இப்போது பின்னால் வருபவர்களோடு பங்கு போட விதி இருக்கிறது. லைன் தாங்குமா, எவ்வளவு செலவாகும் என்று சொல்லும் மின் நிறுவனத்தின் ஆய்வறிக்கை வந்த மறுநாளே திட்டத்தைக் கைவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். பேனல் விலையால் செத்த திட்டத்தைவிட இந்த அறிக்கையால் செத்தவைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

எந்த லைனில் எவ்வளவு இடமிருக்கிறது என்ற வரைபடத்தை மின் நிறுவனங்களே இணையத்தில் போட்டிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் ஒரு விஷயம்: முதல் சில ஆண்டுகள் நிலத்தைப் பிடித்துவைக்கச் சின்னத் தொகைதான் தருவார்கள்; முழுக் குத்தகை கட்டுமானம் தொடங்கினால்தான். விவசாய நிலம் என்று வரிச்சலுகை வாங்கியிருந்தால், அதில் பேனல் ஏறும்போது அபராத வரி வரும். அதைக் கட்டுவது யார் என்று எழுத்தில் இருக்கட்டும். உங்கள் வக்கீலை நீங்களே வையுங்கள், எங்கள் வக்கீல் எங்களுக்குத்தான் வேலை பார்ப்பார்.

கேள்வி: பனி மூடினால்?
— வாசகர், பஃபலோ

பதில்: சாய்வாக இருப்பதால் பெரும்பாலும் வழுக்கி விழுந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உற்பத்தி குறைவு என்பது கணக்கில் முன்பே இருக்கிறது.

கேள்வி: அமெரிக்கக் கிராமங்களிலும் சோலாருக்கு எதிர்ப்பு உண்டா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: தாராளமாக. ஊர்த் திட்டக் குழுவின் அனுமதி வேண்டும். கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்பார்கள். சோளம் விளைந்த மண்ணில் இரும்பா என்பார் ஒருவர், வீட்டு ஜன்னலிலிருந்து மலை தெரியாதே என்பார் இன்னொருவர். பேனலில் விஷம் ஒழுகும் என்பதற்குப் பதில் சொல்லிவிடலாம். பார்வை மறைகிறது என்பது உண்மையான குறை, அதற்கு மரம் நட்டே ஆகவேண்டும். ஒரு பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "நீங்கள் திவாலானால் இந்தக் கம்பிகளை யார் பிடுங்குவது?" அதற்காகத்தான் அகற்றும் செலவுக்கு முன்கூட்டியே பிணைத்தொகை கேட்கிறார்கள். கேட்க வேண்டும். அதற்கு முணுமுணுக்கும் சக தொழில்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

கேள்வி: மத்திய அரசின் வரிச்சலுகை போய்விட்டதாமே, தொழில் நிற்குமா?
— வாசகர், டாலஸ்

பதில்: திட்டச் செலவில் 30 சதவீத வரிச்சலுகைக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் கெடு வைத்துவிட்டது. 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும். பிந்தினால் 2027 முடிவதற்குள் மின்சாரம் தந்தாக வேண்டும். மின் நிறுவனத்தின் ஆய்வு வரிசையில் பின்னால் நிற்கும் திட்டங்களுக்கு இது பெரிய அடி. தொழில் நிற்காது. ஆனால் சுமாரான இடங்களை இனி யாரும் சீந்தமாட்டார்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்கு இப்படி ஏதாவது உண்டா?
— வாசகி, பெருங்குடி

பதில்: லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்கு என்றால் இந்திய அரசின் பிஎம் சூர்ய கர் என்ற கூரை சோலார் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில், 500 கிலோவாட் வரை. ஒரே இடத்து உற்பத்தியைப் பல வீட்டு பில்களில் வரவு வைக்கும் முறைக்கு டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. நீங்கள் பொதுப் பயன்பாட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். அதற்குமுன் மொட்டைமாடி சங்கத்துக்குச் சொந்தமா, மேல்மாடிக்காரர் பெயரில் இருக்கிறதா என்று பத்திரத்தைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்பதையும்.