ரசத்தில் கலக்கும் மாத்திரை

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்காக இருமுறை மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு திரும்பியதும் மாத்திரை வேண்டாம் என்கிறான். அப்பா எப்போதும் திட்டுகிறார். அம்மா மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்துவிடுகிறார். நோய் திரும்பாமலிருக்க நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, அம்மாவின் பதற்றம் புரிகிறது, ஆனாலும் இந்த வழி நீடிக்கக் கூடாது. சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்நோயில் அடிக்கடி வருவது. அது உண்மைதான் என்று ஒருநாள் தெரிந்துவிட்டால், உங்கள் தம்பி மாத்திரையோடு வீட்டுச் சாப்பாட்டையும் உங்கள் பேச்சையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். மருந்து திடீரென நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். இந்த வாரமே மருத்துவரிடம் நடப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்று தம்பியிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். பகலெல்லாம் தூக்கம், எடை கூடுவது, கை நடுக்கம், வீட்டில் சொல்லக் கூச்சப்படும் பாலியல் குறைபாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு மருந்தையோ அளவையோ மாற்றித் தீர்வு காண முடியும். தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

அப்பாவின் திட்டு சிறிய விஷயமல்ல. 1950களில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகளும், பின்னர் பல நாடுகளில் நடந்தவையும், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய பொத்திப் பாதுகாத்தலும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களிடமே நோய் அதிகம் மீண்டதைக் காட்டின. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்குப் பொருளல்ல. அப்படிச் சொல்லிப் பெற்றோரை வதைப்பவர்களை நம்பாதீர்கள்.

தூக்கம் குறைவது, குளிக்காமலிருப்பது, தனியே முணுமுணுப்பது என, சென்ற இருமுறையும் முதலில் தெரிந்த மாற்றங்களை, தம்பி தெளிவாக இருக்கும்போது அவரையும் உட்காரவைத்து எழுதி வையுங்கள். அவை தென்பட்டால் யாரை அழைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு அளிக்கிறது.

மனச்சிதைவு நோய்க்காக 1984இல் தொடங்கப்பட்டு, அண்ணா நகரில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தில் குடும்பத்தினருக்கும் வழிகாட்டுகிறார்கள்; அவசர ஆலோசனைக்கு எந்நேரமும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். மகன் எழுந்திருக்காமல் கிடப்பது சோம்பேறித்தனமல்ல, நோயின் ஒரு பகுதி என்று மகள் சொன்னால் ஏற்காதவர், மருத்துவர் சொன்னால் ஒருவேளை கேட்பார்.