கரண்டு, கரப்பான், கன்ட்ரோலர்: கேம் கன்சோல் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கரண்டு, ஈரம், பூச்சி என்ற மூன்றையே சுற்றி வருகின்றன. டெல்டாவில் கன்சோல், அதாவது டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டி, வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பி.எஸ்.4 (பிளேஸ்டேஷன் 4) மட்டும் அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் 'முறையாக அணைக்கவில்லை' என்று வருகிறது. ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், பாபநாசம்

ஸ்டெபிலைசருக்கு இதில் வேலை இல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யு.பி.எஸ்.', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'எக்கோ'. நார்மலில் இருந்தால் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்குத் தாவ எடுக்கும் நேரம் கூடுதல். ஓடுகிற ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. கன்சோலின் மின்வழங்கியில் தேங்கியிருக்கும் மின்சாரமோ அதற்குள் தீர்ந்துவிடும். சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

ஆனால் நம் பக்கத்தில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. யு.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட் வரைதான் மின்சாரத்தை ஏற்கும். வயல் மோட்டார்கள் சேர்ந்து ஓடும் நேரத்தில் உங்கள் லைன் 170க்கு இறங்கினால், கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். கரண்டு போகாமலே பேட்டரி காலியாவது இதனால்தான். அப்படி நடந்தால் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, டி.வி., கன்சோல் இரண்டுக்கும் மட்டும் கணினிக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றைப் போடுங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பி.எஸ்.4க்கும் 43 அங்குல டி.வி.க்கும் சில நிமிடங்கள் தாங்கும். கேமைச் சேமித்துவிட்டு அணைக்க அது போதும். பி.எஸ்.5 என்றால் 1000 வி.ஏ. எடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கி வருவது 1800 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பு, பேட்டரியை அடிவரை சுரண்டக் கூடாது என்பது எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 1100 அளவு. பி.எஸ்.5 200 வாட், டி.வி. 80, இரண்டு ஃபேன் 150, ஆக 430. இரண்டரை மணி நேரம் ஓடும். அது புது பேட்டரிக்குத்தான். மூன்று நான்கு வருடப் பேட்டரியை நம்பிக் கடைசி ஓவரில் இறங்காதீர்கள். மாதாந்திர பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்டு நிறுத்தும் நாளில் கன்சோலைத் தொடாமல் இருப்பதே மேல். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் மின்வழங்கி சூடாகும், ரீங்காரம் போடும். சைன் அலை இன்வெர்ட்டர்தான் சரி.

குறைந்த மின்னழுத்தத்தை இந்தக் காலத்து மின்வழங்கிகள் பொறுத்துக்கொள்ளும். கொல்வது அதிக மின்னழுத்தம். மழைக்காலத்தில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்பைக் கார்டு நொடிப்பொழுது எழும்பலைத் தடுக்கும். தொடர்ந்து வரும் 400ஐத் தடுக்காது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, மீட்டர் போர்டில் மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் புரொடெக்டரைப் போடச் சொல்லுங்கள். கன்சோலோடு ஃபிரிட்ஜும் பிழைக்கும்.

திடீரென்று அணைந்த பி.எஸ்.4 தடுமாறினால், முழுக்க அணைத்துவிட்டு, பவர் பொத்தானை ஏழு விநாடி, இரண்டாவது 'பீப்' வரும்வரை, அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. வயரில் மாட்டினால் 'சேஃப் மோடு' பட்டியல் தெரியும். ஐந்தாவது, தரவுத்தளத்தைச் சீரமைப்பது; அதைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த கேம்கள் போகாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழித்துவிடும், விரல் தவறக் கூடாது. இன்னொன்று: 'ரெஸ்ட் மோடு' என்ற அரைத்தூக்க நிலையில் ஆரஞ்சு விளக்கு எரியும்போது சுவரில் சுவிட்சை அணைப்பதும் கரண்டு போவதும் கன்சோலுக்கு ஒன்றுதான். இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் ரெஸ்ட் மோடு வேண்டாம்.

கன்சோலின் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. வயரைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது. எர்த் கோளாறா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

கன்சோலுக்கு எர்த் பின்னே கிடையாது. எட்டு வடிவ இரண்டு துளை வயர்தான். மின்வழங்கியில் உள்ள வடிகட்டி மின்தேக்கி வழியாக மிகச் சிறு அளவில் கசியும் மின்சாரம்தான் அந்தச் சுள். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றால் தெரியும், செருப்பு போட்டால் தெரியாது. ஆளுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் டி.வி.யும் கன்சோலும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்.டி.எம்.ஐ.யைச் செருகினால் அந்தக் கசிவு ஊசிகளின் வழியே பாய்ந்து போர்ட்டையே எரிக்கலாம். இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செருகுங்கள். சுள் என்பதைத் தாண்டிக் கையை உதறும்படி அடித்தால் அது வேறு. உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கன்சோல் வாங்கி வருகிறார். துபாயில் இருக்கும் கொழுந்தனார் பி.எஸ்.5 கொண்டுவரட்டுமா என்கிறார். இங்கே ஓடுமா?
– வாசகி, கூத்தாநல்லூர்

இரண்டும் ஓடும். மின்சாரம் பொருந்தும், பிளக்தான் பொருந்தாது. இரண்டு ஊரிலும் சதுர மூன்று முனை. பி.எஸ்.5க்கு எட்டு வடிவ வயரை இங்கேயே எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். பழைய டேப்ரிக்கார்டருக்குப் போடுவதும் அதே வயர்தான். ஸ்விட்ச் சார்ஜரில் வயர் கழலாது, அதற்கு மாற்று பிளக் வேண்டும்.

ஸ்விட்ச் கேம் கார்டுக்கும் பி.எஸ்.5 கேம் டிஸ்க்குக்கும் நாட்டுப் பூட்டு இல்லை. சிக்கல் கணக்கு தொடங்கும்போது வருகிறது. பிளேஸ்டேஷன் கணக்கில் ஒருமுறை கொடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. துபாயிலேயே கொழுந்தனார் ஆசையாகக் கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டால், இங்கே வாங்கும் இந்திய கிஃப்ட் கார்டு அதில் ஏறாது. ஊருக்கு வந்தபின் இந்தியா என்று கொடுத்துத் தொடங்கச் சொல்லுங்கள். துபாயில் வாங்கிய டிஸ்க்குக்கு உரிய கூடுதல் பகுதிகள் அந்த நாட்டு பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில் வாங்கினால்தான் பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். படம் பார்க்கும் புளூ-ரே டிஸ்க்குக்கு மட்டும் மண்டலப் பூட்டு உண்டு: இந்தியா சி, துபாய் பி, சிங்கப்பூர் ஏ.

ஸ்விட்ச்சின் அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2 என்றால் ஜப்பானியப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டுமே, ஜப்பான் கணக்கு மட்டுமே. நின்டெண்டோ நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. பழுதானால் தனியார் கடைதான் கதி. ஆகவே பில்லை விட, தாங்கும் உறையும் திரை கண்ணாடியும் சேர்த்து வாங்கி வருவது உபயோகம்.

பையன் தொடாமலே ஸ்விட்ச்சில் பொம்மை இடது பக்கம் நடந்துகொண்டே இருக்கிறது.
– வாசகி, திருவையாறு

ஜாய்-கான் என்பது ஸ்விட்ச்சின் பக்கவாட்டில் மாட்டும் கன்ட்ரோலர். அதில் பொம்மையை நகர்த்தும் இடது குச்சி தேய்ந்திருக்கிறது. குச்சிக்கு அடியில் கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மேல் சின்ன உலோக முனை உரசும். தடம் தேய்ந்தாலோ, தேய்ந்த துகள் நடுவில் தங்கினாலோ, குச்சி நடுவில் இருந்தும் ஒரு பக்கம் சாய்ந்ததாகக் கன்சோல் நினைக்கும்.

முதலில் காசில்லாத வேலை: அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய்க் குச்சியை அளவுதிருத்தம் செய்யுங்கள். போகவில்லையா, ஜாய்-கானைக் கழற்றி, குச்சியின் அடியில் உள்ள ரப்பர் பாவாடையைப் பல்குத்தும் குச்சியால் தூக்கி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, முப்பது நாற்பது முறை வட்டமாகச் சுழற்றுங்கள். கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், சானிடைசரில் பசை இருக்கும்; இரண்டும் ஆகாது. துகள் என்றால் இதில் தீரும். தேய்மானம் என்றால் ஓரிரு வாரத்தில் மறுபடி வரும்.

அப்போது குச்சியையே மாற்ற வேண்டும். பின்புறம் நான்கு திருகுகள், மூன்று முனை ஒய் வடிவம். சாதாரண திருப்புளியைப் போட்டு முறுக்கினால் தலை மொக்கையாகிவிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. நாடா வயரின் தாழ்ப்பாளை நகத்தால் மேல்நோக்கித் தூக்கிய பிறகே நாடாவை இழுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்துத் தாழ்ப்பாளை உடைப்பவர்கள்தான் அதிகம். குச்சியைப் பிடித்திருப்பது இரண்டு பிளஸ் திருகுகள். வாங்கும்போது 'ஹால் எஃபெக்ட்' வகை என்று கேளுங்கள். காந்தத்தால் இயங்கும், உரசல் இல்லை, தேயாது.

பி.எஸ்.4 அரவை மில் மாதிரி சத்தம் போடுகிறது. கரப்பான் வேறு உள்ளே போவதைப் பார்த்தேன்.
– வாசகர், வேதாரண்யம்

கரப்பானுக்குச் சூடும் இருட்டும் பிடிக்கும். மின்வழங்கியின் மேல் அது இரண்டும் இருக்கிறது. எச்சம் பலகையில் விழுந்து ஈரமானால் ஷார்ட் ஆகும். ஸ்பிரே மருந்தை உள்ளே அடிக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு மின்விசிறியில் ஒட்டி இன்னும் தூசி பிடிக்கும். டி.வி. அலமாரியின் பின் மூலைகளில் கரப்பான் ஜெல் புள்ளி வையுங்கள். கன்சோலைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அறுவடை மெஷின் தெருவை ஒட்டி ஓடும் குறுவை, சம்பா நாட்களில் வைக்கோல் தூசி ஒரே வாரத்தில் துவாரங்களை அடைத்துவிடும். அந்த நாட்களில் ஆடாத நேரம் துணி போட்டு மூடலாம்; ஆன் செய்யுமுன் எடுத்தே ஆக வேண்டும். ப்ளோயர் வைத்து ஊதும்போது மின்விசிறி இறக்கை சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேகம் மீறிச் சுழன்று பேரிங் போகும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இன்னொரு யோசனை: மழைக்காலத்தில் ஆடாவிட்டாலும் வாரம் ஒருமுறை அரை மணி ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் போகும்.

டிஸ்க்கைத் துடைப்பது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி. பற்பசை தேய்க்கும் வித்தை டி.வி.டி. காலத்தோடு போயிற்று, பி.எஸ்.4 டிஸ்க்கான புளூ-ரேயில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது.

பழைய டி.வி. கேமின் துப்பாக்கி புது எல்.இ.டி. டி.வி.யில் வாத்தைச் சுடவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், மயிலாடுதுறை

சுடாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அதே கணத்தில் பார்க்க வேண்டும். எல்.இ.டி. டி.வி. படத்தைச் சற்றே தாமதமாகக் காட்டுவதால் கணம் தவறிவிடுகிறது. பழைய குழாய் டி.வி. தேடுங்கள்.

திருவிழாக் கடையில் வாங்கிய '400 கேம்' கையடக்கப் பெட்டி, புது போன் சார்ஜரில் ஏறவே இல்லை.
– வாசகி, கும்பகோணம்

டைப்-சி துளை இருந்தும் இப்படியென்றால், சார்ஜரிடம் 'கரண்டு கொடு' என்று சொல்லும் இரண்டு சிறு மின்தடைகளை உள்ளே போடாமல் விட்டிருப்பார்கள். இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரில் ஏறாது. ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி. உள்ள வயரை, 5 வோல்ட் 1 ஆம்பியர் பழைய சார்ஜரில் போடுங்கள். பின்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் பழைய நோக்கியா போனின் பி.எல்.-5சி வகை பேட்டரி இருக்கும். உப்பியிருந்தால் தூக்கிவிட்டு வேறு போடுங்கள். இரவெல்லாம் சார்ஜில் விடாதீர்கள்.

கரண்டு பில் எகிறுமா?
– வாசகர், மன்னார்குடி

தினம் இரண்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு: பி.எஸ்.5 சுமார் 24 யூனிட், டி.வி. 10, ஸ்விட்ச்சுக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது. அந்த அறையின் ஏ.சி.தான் பில்லை ஏற்றும்.

மே மாதம் அத்தை பிள்ளைகள் வந்து, என் மகள் ஆறு மாதம் ஆடிச் சேர்த்ததை அழித்துவிட்டுப் போனார்கள். தவிர, ஒன்றரை வயது சின்னவன் ஸ்விட்ச் கார்டை வாயில் போடுகிறான்.
– வாசகி, திருவாரூர்

விருந்தாளிகளுக்கென்று 'விருந்தாளி' பெயரிலேயே தனிப் பயனர் ஒன்றைத் தொடங்கி வையுங்கள். ஸ்விட்ச், பி.எஸ்.4, பி.எஸ்.5 மூன்றிலும் பொதுவாகச் சேமிப்பு பயனருக்குப் பயனர் தனி. மகளின் கணக்குக்குக் கடவுக்குறியீடு போட முடிந்தால் போடுங்கள். ஸ்விட்ச்சில் சேமிப்பு கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது, மெமரி கார்டில் இல்லை. கார்டைப் பிடுங்கி ஒளித்துவைப்பதால் அது காப்பாற்றப்படாது.

ஸ்விட்ச் கேம் கார்டில் டினாட்டோனியம் என்ற கடும் கசப்புப் பொருள் வேண்டுமென்றே பூசப்பட்டிருக்கிறது. நக்கினால் பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுவான், விஷமில்லை. தொண்டையில் சிக்கும் அளவு சின்னது என்பதால் கையெட்டாத உயரம் நல்லது. அதைவிடப் பயப்பட வேண்டியது 'கேம் பாய்' என்ற பழைய கையடக்க கேம் பெட்டியின் கார்ட்ரிட்ஜிலும் ரிமோட்டிலும் இருக்கும் காசு பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்கவைக்காமல், சாப்பிட எதுவும் கொடுக்காமல், எக்ஸ்-ரே உள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதே மாதிரி பேட்டரி இன்னொன்று இருந்தால் காட்ட எடுத்துப் போங்கள்.