பொருந்தாத ஜோடி, குறையுள்ள நாயகன் நாயகி: இந்த மாதிரிக் காதல் நாவல்களைக் கோபப்படாமல் ரசிப்பது எப்படி?

கேள்வியோடு ஒரு குறிப்பும் இருக்கிறது: "கே.எல்.லில் (கோலாலம்பூரில்) வேலை. ரயிலில் போகும்போது போனில் நாவல் படிப்பேன். முரட்டு ஹீரோ, வயது வித்தியாசம், ஊரே சிரிக்கும் ஜோடி, இந்த மாதிரிக் கதைகள்தான் பிடிக்கின்றன. ஆனால் பாதியில் கோபம் வந்து மூடிவிடுகிறேன். மறுநாள் மறுபடியும் திறக்கிறேன். என்னிடம் ஏதாவது கோளாறா?"

உங்களிடம் கோளாறு இல்லை. படிக்கும் முறையில் கொஞ்சம் இருக்கலாம், எழுதியவர் பக்கம் நிறைய இருக்கலாம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்: நாயகியைக் கைநீட்டி அடிக்கும் ஆன்டி ஹீரோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே சமயம், "இதெல்லாம் ஒரு கதையா, நல்ல புத்தகமாப் படிங்க" என்று புத்தி சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

நீங்கள் இணையத்தில் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே தினமும் யூடி (அப்டேட், அதாவது அன்றைய அத்தியாயம்) படிக்கிற ஆள் என்று எடுத்துக்கொள்கிறேன். கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். தினம் ஒரு யூடி போடும் ரைட்டருக்கு அன்றைக்கே கமென்ட் வேண்டும். நாயகன் ஒரு கொடுமை செய்யும் இடத்தில் யூடியை முடித்தால் கமென்ட் குவியும். அவன் உட்கார்ந்து யோசிக்கிற இடத்தில் முடித்தால் "அடுத்தது எப்போ சிஸ்" என்பதைத் தவிர ஒன்றும் வராது. அதனால் கொடுமை நீண்டுகொண்டே போகும், திருந்துகிற பகுதி சுருங்கும். உதாரணத்துக்கு 60 யூடி ஓடும் கதையில் அவமானம் 35 யூடிக்கு இழுத்து, மன்னிப்பு 3 யூடியில் முடிந்தால் கோபம் வராமல் என்ன வரும்? எண்ட் கார்டு போடும்வரை பொறுங்கள். முடிந்த பிறகு பல ரைட்டர்கள் சில நாள் விட்டுவைத்து, அப்புறம் லிங்க்கை எடுத்துவிட்டுக் கிண்டிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த இடைவெளியில் படியுங்கள். திறந்ததும் செய்யவேண்டியது, கதையின் கடைசி நாலில் ஒரு பங்கைப் புரட்டிப் பார்ப்பது. "முடிவு தெரிஞ்சிடுமே" என்றால், காதல் நாவலின் முடிவு அட்டையிலேயே தெரிந்ததுதானே. இருவரும் சேருவார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது, சேருவதற்கு முன்னால் என்ன கொடுத்தார்கள் என்பது. கடைசிக் கால் பங்கு முழுக்க ஆஸ்பத்திரி, கடத்தல், துப்பாக்கி என்று இருந்தால் அந்த ரைட்டர் கணக்குத் தீர்க்கவில்லை, தப்பித்திருக்கிறார். நாயகனுக்கு விபத்து நடந்து தலையில் கட்டோடு படுத்திருந்தால் நாயகி மன்னித்துவிடுவாள், நாமும் மன்னித்துவிடுவோம் என்ற நினைப்பு. அடிபட்டது அவன் தலை, திருந்தவேண்டியது அவன் வாய். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் குறை வேறு, குற்றம் வேறு. இந்த வகை நாவலைப் படிக்க இந்த ஒரு வித்தியாசம் போதும். மூக்கு கோணல், வயது கூடுதல், கடன், திக்குவாய், படிப்பில்லை, தோட்டத்துப் பிள்ளை, இரண்டாம் கல்யாணம், எல்லாம் குறை. குறை கடைசிவரைக்கும் இருக்கலாம். இருந்தால்தான் கதை. பொய், ஏமாற்று, சபையில் அவமானப்படுத்துவது, பின்தொடர்ந்து மிரட்டுவது, எல்லாம் குற்றம். குற்றத்துக்குக் கூலி வேண்டும். மோசமான நாவல் இதைத் தலைகீழாகச் செய்யும்: நாயகியின் குறையைச் சரிசெய்துவிடும் (கண்ணாடியைக் கழற்றினாள், தலையை விரித்தாள், அழகியாகிவிட்டாள்), நாயகனின் குற்றத்தை அப்படியே விட்டுவிடும். உங்களுக்குக் கோபம் வந்து மூடிய இடத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

குறையைக் குறையாகவே விட்டு எழுதுவது நேற்று வந்த பழக்கமில்லை. தொல்காப்பியம் பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை என்று பெயர் வைத்து நாலு வகை சொல்கிறது. அதில் ஒன்று 'இளமை தீர் திறம்', வயது போனபின் வரும் காதல். கலித்தொகையின் 94ஆம் பாட்டில் அரண்மனையில் வேலை செய்யும் கூனல் பெண்ணும் குள்ளனும் வழியில் சந்திக்கிறார்கள். அவன் மடக்குகிறான், அவள் அவன் உயரத்தைக் கிண்டலடிக்கிறாள், அவன் பதிலுக்கு அவள் கூனைக் கிண்டலடிக்கிறான். முன்பக்கம் அணைத்தால் நெஞ்சில் குத்துகிறது, பின்பக்கம் அணைத்தால் கிச்சுகிச்சு ஆகிறது, பக்கவாட்டில் கொஞ்சம் அணைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். சண்டை முற்றி, அப்புறம் சமாதானம். அரண்மனையில் யாராவது பார்த்தால் பேயும் பேயும் ஆடுகிறது என்று சிரிப்பார்களே என்ற கவலை மட்டும் மிஞ்சுகிறது. ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். கூன் நிமிரவில்லை, குள்ளன் வளரவில்லை. இந்தப் பாட்டை ஏளனப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, இரண்டு பேரும் ஒருவர் வாய்க்கு ஒருவர் சளைக்காதது. பொருந்தாத ஜோடியில் உள்ளூரப் பொருந்துவது ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். இங்கே அது வாய்.

கூலி விஷயத்தில் என் அளவுகோல்: குற்றம் எந்தப் பையில் இருக்கிறதோ அந்தப் பையிலிருந்து பணம் போகவேண்டும். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகன் டார்சியை எல்லோரும் காட்டுவார்கள். அவன் குற்றம் கர்வம். மன்னிப்புக் கடிதமும் பணமும் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. உலகத்தில் தனக்கு ஆகவே ஆகாத ஒருவனைத் தேடிப்போய், அவனோடு பேரம் பேசி, காசு கொடுத்து, அவனோடு ஓடிப்போன நாயகி எலிசபெத்தின் தங்கைக்கு அவனையே கல்யாணம் முடித்துவைக்கிறான். எலிசபெத்துக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறான். அடி நேராகக் கர்வத்தின் மேல் விழுகிறது. நம்மூர்க் கோடீஸ்வர நாயகன் மனைவியைச் சபையில் அவமானப்படுத்திவிட்டு வைர நெக்லஸ் வாங்கிவருகிறான். பணம் அவனுக்கு வலிக்காத பை. அதோடு, அவமானம் இருநூறு பேர் முன்னால், மன்னிப்பு கதவைச் சாத்திக்கொண்டு. மன்னிப்புக் காட்சி வந்ததும் அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அவமானக் காட்சியில் இருந்தவர்களில் பாதிப் பேராவது இல்லையென்றால் அந்த மன்னிப்பு செல்லாது.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, இங்கேயே கட்டுகிறேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கணக்குப் பார்ப்பவளுக்கு 39 வயது, கல்யாணமாகவில்லை, ஐம்பது காசு குறைந்தாலும் விடமாட்டாள். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிக் காய்கறி கொண்டுவருபவனுக்கு 33. அவனுக்கு நாலு நம்பர் (நாலு இலக்க லாட்டரி) பைத்தியம். புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி ஆனால் கை தானாகப் போனுக்குப் போகும். வயது வித்தியாசம் குறை. நம்பர் பைத்தியம்கூட இதுவரைக்கும் குறைதான். இப்போது அவள் அப்பாவின் லாரி கவிழ்ந்து அவர் இறந்துபோகிறார். நசுங்கிக் கிடந்த லாரியின் நம்பரை இவன் எழுதுகிறான். அடித்துவிடுகிறது. அந்தக் காசிலேயே காரியச் செலவையும் ஏற்றுக்கொள்கிறான். அவள் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்கிறாள். அவன் பேசாமல் இருக்கிறான். அந்த மௌனத்தில் குறை குற்றமாக மாறிவிட்டது.

சுமாரான ரைட்டர் இங்கே ஒரு வில்லியைக் கொண்டுவருவார். மாமன் மகள் போட்டுக்கொடுப்பாள், நாயகி அறைவாள், நாயகன் தாடியோடு திரிவான், அவனுக்குக் காய்ச்சல் வரும். நல்ல ரைட்டர் அவனைப் பதினாறாம் நாள் சாப்பாட்டில், அண்ணன் தம்பி, பங்காளி எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, வாய் திறக்க வைப்பார். அதற்குப் பிறகு அவன் இனிமேல் நம்பர் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. சத்தியம் செய்தால் நான் நம்பமாட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு அவள் கல்லாவில் சில்லறை எண்ணச் சொல்கிறாள். எண்ணுகிறான். இருபது காசு நாணயங்களை ஐந்தைந்தாக அடுக்குகிறான், போன் சட்டைப்பையில் அதிர்கிறது, கை நின்று மறுபடி அடுக்குகிறது. அவள் பார்க்காத மாதிரி பேரேட்டைப் புரட்டுகிறாள். அவ்வளவு போதும். குறை இன்னும் இருக்கிறது, குற்றம் தீர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொடுமை நடக்கும் அத்தியாயத்தை யாருடைய மனசுக்குள்ளிருந்து சொல்கிறார்கள்? நாயகன் கத்தும்போதெல்லாம் கதை அவன் மனசுக்குள் போய், "அவளை வதைக்கையில் அவன் இதயம் ரத்தம் வடித்தது" என்று எழுதினால், ரைட்டர் அவனுக்கு வக்கீல் வேலை பார்க்கிறார். பழைய காதலி ஏமாற்றிவிட்டாள், அதனால் பெண் இனத்தையே வெறுக்கிறான் என்பதும் அதே வக்கீலின் வாதம்தான். அந்தப் பக்கங்களை நாயகியின் நிலையிலிருந்து ஒருதடவை படித்துப் பாருங்கள். அப்போதும் தாங்கினால் கதையில் சரக்கு இருக்கிறது.

மலேசியாவில் நடப்பதாக எழுதும் கதைகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. சென்னைக் கதையை அப்படியே எடுத்து, தி.நகர் இருந்த இடத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று போட்டுவிடுகிறார்கள். "ஆறு மாத ஒப்பந்தக் கல்யாணம், ஏழாம் மாதம் டைவர்ஸ்" இங்கே நடக்காது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் மணவிலக்கு மனு போட முடியாது. அசாதாரணச் சூழ்நிலை அல்லது கஷ்டம் என்று நீதிபதி ஒப்புக்கொண்டால் விதிவிலக்கு உண்டு. இந்தச் சட்டம் தெரிந்த ரைட்டருக்கு இது வரம். வேண்டாத கல்யாணம், விலகவும் முடியாது, இரண்டு வருடம் ஒரே அபார்ட்மெண்டில் ஒரே ரைஸ்குக்கர். குறையுள்ள ஜோடிக்கு இதைவிட நல்ல அடுப்பு கிடைக்குமா? யாரும் பயன்படுத்துவதில்லை. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நாயகி வீடுவரைக்கும் தினமும் பின்தொடர்ந்து வரும் நாயகனும் கவனிக்கவேண்டும். 2023இலிருந்து இங்கே குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவில் அது தனிக் குற்றம், மூன்று வருடம்வரை சிறை கிடைக்கலாம். நாயகி போலீசில் புகார் கொடுக்கும் ஒரு காதல் கதையை யாராவது எழுதினால் முதல் பிரதி நான் வாங்குகிறேன்.

வாங்குவது என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். கடையில் தமிழ் நாவலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவைத்தால் எப்படிப் புரட்டிப் பார்ப்பது? பிரிக்கலாமா என்று கேட்டால், "வாங்கினாப் பிரிங்க" என்று பதில். அட்டையில் ஒரு ரோஜா, மழை, பாதி முகம். உள்ளே இருப்பது குறையா குற்றமா என்று ரோஜாவைப் பார்த்து எப்படித் தெரியும்? பக்கத்து அலமாரியில் ஜோதிடப் புத்தகத்துக்கு உறை கிடையாது. இதோடு, இலக்கிய விழா மேடையில் பெருந்திணையைப் புகழ்ந்துவிட்டுக் கீழே இறங்கி வந்து "லேடீஸ் நாவலா படிக்கிறீங்க?" என்று கேட்கும் ஐயாமார்களைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. கேள்வி அதுவல்ல, விடுகிறேன்.

உறையில்லாத புத்தகமோ போனில் மாதிரிப் பகுதியோ கிடைத்தால் முதல் முப்பது பக்கத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். நாயகிக்கும் ஒரு குறை இருக்கிறதா? கோபக்காரி, கஞ்சம், பொய்ச் சமாதானம் பேசுபவள், ஏதாவது ஒன்று. அவள் மட்டும் தெய்வம், அவன் மட்டும் மிருகம் என்றால் அது ஜோடிக் கதையில்லை, பக்திக் கதை. மற்றது, அவனுக்கு ஒரு வேலை இருந்து, அந்த வேலையை அவன் செய்கிறானா? கம்பெனி முதலாளி என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க நாயகியைக் கண்காணிப்பவனுக்கு வெளியே வாழ்க்கை இல்லை, ஆகையால் இழக்கவும் ஒன்றுமில்லை. கூலி கொடுக்க அவனிடம் பையே கிடையாது.

வயது வித்தியாசக் கதைதான் வேண்டுமென்றால் தி. ஜானகிராமனின் மோகமுள்ளில் தொடங்குங்கள். யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். பொழுதுபோக்குக் காதல் நாவல் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது என்று சண்டை போடுவார்கள், போடட்டும். ரயிலில் மட்டும் படிக்காதீர்கள், ஸ்டேஷன் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கடைசியாக எபிலாக். "ஐந்து வருடங்களுக்குப் பிறகு" என்று ஆரம்பித்து இரட்டைக் குழந்தை ஓடிவந்தால் அங்கேயே மூடிவிடலாம். ஒன்றும் நஷ்டமில்லை, ஓர் ஆண் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும்.