மறுமலர்ச்சி விடையில் மதிப்பெண் எங்கே போனது?

ஐரோப்பிய மறுமலர்ச்சி மனிதனைப் பற்றிய பார்வையை எப்படி மாற்றியது என்ற கேள்விக்கு, ‘மறுமலர்ச்சிக் காலத்தவர் கடவுளைக் கைவிட்டார்கள்’ என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரிதான் காரணம், அடித்துவிடுங்கள்.

இத்தாலியத் தத்துவ அறிஞர் பிக்கோ டெல்லா மிராண்டோலா 1486-இல் எழுதிய உரையில் ஆதாமிடம் பேசுவதே கடவுள்தான். உனக்கென்று நிலையான இடம் தரவில்லை, விலங்காகத் தாழ்வதும் தெய்வநிலைக்கு உயர்வதும் உன் விருப்பம் என்கிறார். நம்பிக்கை அப்படியே இருக்க, படைப்பில் மனிதனுடைய இடம் மாறியது. இதற்கு நான்கு வரியாவது ஒதுக்குங்கள், அவ்வளவு அருமையான சான்று இது.

அடுத்து உடற்கூறியல் மருத்துவர் வெசாலியஸ், 1543: பழைய நூலை அப்படியே நம்பாமல் மனித உடலையே அறுத்துப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று காட்டினார். விலங்குகளை அறுத்துப் படித்த பண்டைய மருத்துவர் கேலன் இரண்டு என்று எழுதியிருந்தார்.

ஓவியர் லியோனார்டோ டா வின்சிக்கு ஒரு வரி போதும். ‘மக்கள் எல்லோரும் இப்படி நினைத்தார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். இத்தாலிய நகரங்களில் படித்த, வசதி படைத்தவர்களிடம்தான் இந்தப் பார்வை முதலில் பரவியது.