லாரிக்கு ஆள் எடுக்குமுன்

கேள்வி: கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு நெல் ஏற்ற டிரைவர்கள் எடுக்கிறோம். லைசென்ஸ் ஜெராக்ஸும் போதைப்பொருளுக்கான ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் போதாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. ஜெராக்ஸை நம்பாதீர்கள். லைசென்ஸ் எண், பிறந்த தேதி இரண்டையும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கார், பைக்குக்கான உரிமம் நடப்பில் இருக்கும், லாரிக்கானது காலாவதியாகியிருக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிறுநீர் மாதிரியை வாங்கிய 4 நிமிடத்துக்குள் வெப்பம் பார்க்க வேண்டும். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இல்லையென்றால் மாற்றிக் கொடுத்திருக்கலாம். கோடீன் கலந்த இருமல் மருந்தும் ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆகவே ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் ஆளை நிறுத்தாதீர்கள். கஞ்சா புகைத்துப் பல நாள் கழித்தும் தெரியும். அது இப்போதைய போதைக்குச் சாட்சி அல்ல.

மதுவுக்கு, வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஊதச் சொல்லுங்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து ஏமாற்றும். 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதட்டும். சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. இரவு லோடுக்கு நீங்கள் பூஜ்யமே வையுங்கள். எதற்கும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.